லைன் சுத்தம் என்று சொன்னவன்

எங்கள் ஊழியர் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறதாம். ஓய்வு பெற்றவர்கள் தங்கள் இனிய அனுபவங்களை எழுதித் தர வேண்டுமாம். சங்கச் செயலாளர் தம்பி போனில் கேட்டான். "ராசு அண்ணே, மூணு நாலு பக்கம் போதும். வேலைக்குப் புதுசா வந்த பசங்க படிக்கிற மாதிரி நல்லதா நாலு விசயம் எழுதிக் குடுங்க." எழுதித் தருகிறேன் என்றேன். நல்லதாக இருக்கும் என்று சொல்லவில்லை.

பேச்சோடு பேச்சாக அவன் இன்னொன்றும் சொன்னான். இப்போது இணையப் புகாரை மூடுவதற்கு யாரும் வீடு வரைக்கும் போக வேண்டியதில்லையாம். புகார் வந்ததும் கம்பெனிக் கம்ப்யூட்டரே லைனைச் சோதிக்குமாம். வேகம் சரியாக இருந்தால் 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று செய்தி அனுப்பிவிடுமாம். ஒரு மணி நேரத்துக்குள் வாடிக்கையாளர் மறுத்துப் பதில் போடாவிட்டால் தீர்ந்தது தீர்ந்ததுதான். அதிலும் ஆன்லைன் கேம் ஆடும் பிள்ளைகளின் புகார்தான் முதலில் மூடப்படுகிறதாம். "வேலை மிச்சம்ணே" என்றான். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பிறகு நானே கூப்பிட்டு, எழுதுகிறேன், ஆனால் ஒரு வரியையும் வெட்டக் கூடாது என்றேன்.

நான் வேலை பார்த்தது கேரள எல்லையில் இருக்கிற கம்பம்மெட்டில். செக்போஸ்டைத் தாண்டி மலை இறங்கினால் கம்பம். கேபிள் டிவிக் காலத்தில் ஏலத் தோட்டத்து மரங்களில் ஏறி வயர் கட்டுகிறவனாகச் சேர்ந்தேன். அந்த வருடங்களில் அட்டைக்கடி வாங்கியது தவிர பெரிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. டிவி வயர் போய் ஃபைபர் வந்தது. கண்ணாடி இழையை ஒட்டுவதற்கு எர்ணாகுளத்தில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பதாவது நாள்தான் எனக்குக் கைநடுக்கம் நின்றது. அதோடு நான் டெக்னீஷியன்.

டெக்னீஷியன் ஆன நாளிலிருந்து என்னை எரிச்சலூட்டிய சொல் 'ஸ்பீடு'. நெட் சரியில்லை என்று யார் சொன்னாலும் கம்பெனி ஸ்பீடைத்தான் பார்க்கும். கேம் ஆடுகிறவர்களுக்கு வேண்டியது அது இல்லை. விரல் திரையைத் தொட்டதும் ஒரு துண்டுச் செய்தி எங்கோ இருக்கிற சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். போய்த் திரும்பும் நேரத்தைத்தான் பிங் என்கிறோம். அது ஒரே சீராக இருந்தால் ஆட்டம் ஓடும். திடீரென்று எகிறினால் திரையில் ஆள் உறைந்து நிற்பான். உறைந்து நிற்கிறவனை எதிரி சாவகாசமாகச் சுட்டுவிட்டுப் போவான். ஏலக்காய் மூட்டை இறக்குகிறவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: பெரிய லாரி வாங்கினால் மூட்டை கூடுதலாகப் போகும், மலைப்பாதையின் வளைவு நிமிராது.

எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவர் தன் மகனின் கேம் உறைகிறது என்று மூன்று முறை பெரிய பிளானுக்கு மாறினார். மூன்று முறையும் கம்பெனி சந்தோஷமாக மாற்றிக் கொடுத்தது. நான்காவதாக நான் போனேன். வீடு முழுக்கத் தேடியும் ரூட்டரைக் காணவில்லை. கேட்டதும் அவர் மடியிலிருந்து சாவியை எடுத்து இரும்பு பீரோவைத் திறந்தார். பட்டுப்புடவைகளுக்கு நடுவில் ரூட்டர் விளக்கெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. "இடி விழுந்தா இதுக்குத்தான மொத அடி? அதான் பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். முந்தின மழையில் இடி விழுந்து அவர் வீட்டு டிவி கருகிப் போயிருந்தது. மூன்று பிளான் விற்றவர்களில் ஒருத்தராவது 'ரூட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்டார்களா? கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த உறைதலைக் கண்டுபிடிக்க நான் ஒரு முறை வைத்திருந்தேன். புதிய பசங்களுக்காக அதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். லேப்டாப்பில் மூன்று ஜன்னல் திறப்பேன். முதலாவது, வீட்டில் இருக்கிற ரூட்டர் வரைக்கும் பிங். இரண்டாவது, எங்கள் கம்பெனியின் முதல் மெஷின் வரைக்கும். மூன்றாவது, வெளியே கேம் சர்வர் இருக்கிற பக்கம். மூன்றையும் ஓடவிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். முதல் ஜன்னல் எகிறினால் கோளாறு வீட்டுக்குள். முதலாவது சும்மா இருக்க இரண்டாவது எகிறினால் எங்கள் லைனில். மூன்றாவது மட்டும் எகிறினால் அது எங்கள் கைக்கு அப்பால். எகிறுகிற நேரத்தை மணி, நிமிடம், நொடியோடு நோட்டில் எழுத வேண்டும். ஆடுகிற பிள்ளையும் தனியாக எழுத வேண்டும். பிறகு இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஆடுகிறவர் எங்கே உட்கார்ந்து எந்தக் கருவியில் ஆடுகிறாரோ, அங்கேயே அதே கருவியில் பார்க்க வேண்டும். இதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். கம்பெனி ஒரு வீட்டுக்குக் கொடுத்தது இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடத்துக்குக் காவலாக இருந்தவர் எங்கள் ஏரியா மேனேஜர். பேபிச்சன் சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது, அதுதான் கஷ்டம். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. நாம் உள்ளே போனால் எழுந்து நிற்பார். "அண்ணன் இரி" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். பிளாஸ்க்கிலிருந்து பால் விடாத கட்டன் சாயா ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். ஆனால் பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். நமக்குப் பின்னால் சுவரில் இருக்கிற திரையைப் பார்ப்பார். அதில் மூடாத புகார்கள் வரிசையாக நிற்கும். நான்கு மணி நேரம் தாண்டினால் சிவப்பாகும். வயிற்றுவலி என்று விடுப்புக் கேட்டாலும், வீட்டில் சாவு என்று சொன்னாலும், எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் மெதுவாகக் கேட்பார்: "கோடு கிட்டியோ?"

கிடைத்ததா என்று அவர் கேட்கிற அந்தக் கோடு எண் என்னவென்று சொல்ல வேண்டும். டெக்னீஷியன் வேலை முடிந்தது என்று தன் போனில் அழுத்தியதும் வாடிக்கையாளரின் போனுக்கு நான்கு இலக்க எண் ஒன்று வரும். அவர் திருப்தியாக இருந்தால் மட்டுமே அதைச் சொல்ல வேண்டும். நாம் அதைப் போட்டால் புகார் திரையிலிருந்து மறையும். திருப்தி இல்லாதவர் எண்ணைச் சொல்லாமல் இருக்கலாம், அது அவருடைய உரிமை. இதை யோசித்தவர் நம் மெட்டுப்பக்கத்து ஜனங்களைப் பார்த்ததில்லை. இங்கே வீட்டுக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் கிடையாது. நான் ஷூவைக் கழற்றும்போதே டீ வரும். டீயோடு எண்ணும் வரும். "இந்தாங்கண்ணே, நம்பர் வந்துருச்சு, பாவம் நீங்களும் எம்புட்டு வீடு ஏறி எறங்குவீங்க" என்பார்கள். பையைத் திறப்பதற்கு முன்பே புகார் மூடியாகிவிடும். நாங்களும் வாங்கிக்கொண்டோம். நானும் வாங்கிக்கொண்டேன். டீயைக் குடித்துவிட்டு, ஸ்பீடைக் காட்டிவிட்டு, காரணம் என்ற இடத்தில் 'வாடிக்கையாளரின் கருவிக் கோளாறு' என்று அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன். எத்தனை வீட்டில் அப்படிச் செய்தேன் என்பது எனக்கே தெரியாது.

கேம் புகார் என்றால் ஆபீஸில் சிரிப்பு வேறு. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஜெனிஃபர் விஷயத்துக்கு வருகிறேன். அவள் அப்பா வேதமுத்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புப் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பைபிள் வாசகம் வாசிக்கிறவரும் அவர்தான். அம்மா ஸ்டெல்லா கொத்துக்காரி. ஏலக்காய் எடுக்கப் போகிறவர். ஜெனிஃபர் தபால் வழியில் பி.காம் படித்துக்கொண்டே போனில் கேம் ஆடினாள். சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை. நான்கு பெண்கள் சேர்ந்த ஒரு அணி. மற்ற மூவரும் வேறு வேறு ஊர்க்காரர்கள், ஒருவரையொருவர் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. பெண்களுக்கான பெரிய போட்டி ஒன்றின் தகுதிச் சுற்று ஞாயிறு மதியங்களில் நடந்தது. அதில் தேறினால் பெங்களூரில் தங்க வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். ஒரே ஒரு வருடம் விட்டுப் பாருங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சி வாங்கியிருந்தாள்.

முதல் புகாருக்குப் போனபோது டீயும் எண்ணும் வழக்கம்போல வந்தன. வாங்கினேன். ஃபைபர் வழியாக ரூட்டருக்கு வருகிற வெளிச்சம் நன்றாக இருந்தது. வேகம் முழுசாக இருந்தது. கருவிக் கோளாறு என்று மூடிவிட்டு வந்தேன்.

இரண்டாவது முறை போனபோது வீட்டில் சூழ்நிலை வேறு. மூன்று ஆட்டத்தில், தோற்கப் போகிற கட்டத்தில், ஜெனிஃபர் சில நொடிகள் உறைந்து நின்றிருக்கிறாள். அணித் தோழிகளே அவளைச் சந்தேகப்பட்டார்கள். தோல்வி தன் கணக்கில் விழாமல் இருக்க வேண்டுமென்றே நெட்டைத் துண்டித்துக்கொள்கிறாள் என்று புகார் கொடுத்துவிட்டார்கள். போட்டிக்காரர்கள் விளக்கம் கேட்டு மெயில் அனுப்பியிருந்தார்கள். லைனில் கோளாறு என்றால் இணையக் கம்பெனியிடம் கடிதம் வாங்கி அனுப்பு, பத்து நாள் அவகாசம் என்று அதில் இருந்தது.

"அங்கிள், இந்த மெயிலக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்று போனை நீட்டினாள்.

நான் படிக்கவில்லை. நீளமான இங்கிலீஷ் மெயில். ஆபீஸ் திரையில் என் பெயருக்கு நேராக ஏழெட்டுச் சிவப்பு நின்றது. முன் அறையில் ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பை வயரில் மாட்டி, இருபது நிமிடம் பார்த்தேன். மூன்று ஜன்னலும் கோடு போட்ட மாதிரி ஓடின. வேதமுத்து கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னண்ணே, லைன்ல ஏதும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல தம்பி. லைன் சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சு. நம்ம பக்கம் ஒரு கொறையும் இல்ல."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். என் முறையை நானே மீறியிருந்தேன். ஆடுகிறவர் எங்கே உட்கார்ந்து ஆடுகிறார் என்று நான் கேட்கவே இல்லை.

நான்கு நாள் கழித்து ஸ்டெல்லாவின் போனிலிருந்து ஜெனிஃபர் கூப்பிட்டாள். அவளுடைய போனை அப்பா வாங்கி வைத்துவிட்டாராம். அழவில்லை. சண்டை போடுகிற குரலும் இல்லை. "அங்கிள், நீங்க நான் ஒக்கார எடத்துல ஒக்காந்து பாக்கவே இல்ல. ஒரு தடவ வந்து பாத்துட்டு அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்க" என்றாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாளில், புகார் எண் எதுவும் இல்லாமல் போனேன்.

அவள் ஆடுகிற இடம் பின்பக்கத்துத் தகரச் சாய்ப்பு. விறகும் காலிச் சாக்கும் கிடக்கும். சத்தம் இல்லாத இடம். அதன் சுவரை ஒட்டி அடுத்த வீடு, வேதமுத்துவின் அண்ணன் வீடு. முதலில் மெயிலைப் படிக்கச் சொன்னேன். அவள் அம்மா போனில் திறந்து வரிவரியாகத் தமிழில் சொன்னாள். உறைந்த மூன்று நேரமும் அதில் இருந்தது. அந்த நேரங்களில் அவளுடைய இணைய முகவரி மாறியிருக்கிறது என்றும், அதனால் அவள் வேண்டுமென்றே வேறு நெட்டுக்குத் தாவியிருக்கிறாள் என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டு முகவரியும் எண்களாக இருந்தன. ஒன்று எங்கள் கம்பெனியுடையது, பார்த்ததும் தெரிந்தது. மற்றது எங்களுடையது இல்லை.

எங்கள் மெட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. கேரளத்து நெட்டை மேல் லைன் என்போம், கம்பத்திலிருந்து ஏறி வருவதைக் கீழ் லைன் என்போம். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் மேல் லைன் போகும். கம்பத்தில் கரண்ட் போனால் கீழ் லைன் போகும். அதனால் அண்ணன் வீட்டில் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று என்று எடுத்துக்கொண்டு பங்கு போட்டுக்கொள்வார்கள். கீழ் லைனில் வேலை பார்க்கிற பழக்கக்காரர் ஒருவரைப் போனில் பிடித்து அந்த எண்களைச் சொன்னேன். "எங்களதுதாண்ணே" என்றார்.

முன் அறையில் என் போனை அவர்கள் வைஃபையில் சேர்த்து, முதல் ஜன்னலை ஓடவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சாய்ப்புக்கு நடந்தேன். விறகுக் குவியலைத் தாண்டும்போது ஓட்டம் நின்றது. ஐந்து நொடி ஒன்றும் வரவில்லை. பிறகு மறுபடி ஓடியது. திரையில் வைஃபை அடையாளம் மறையவும் இல்லை, பெயர் மாறவும் இல்லை. அதே பெயர்: அந்தோணியார். சாய்ப்பில் இரண்டு வீட்டு ரூட்டரும் சம பலத்தில் இருந்தன. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. போன் எது பலமாகத் தெரிகிறதோ அதற்குத் தாவுகிறது. தாவுகிற ஒவ்வொரு முறையும் முகவரி மாறி ஆட்டம் அறுந்துபோகிறது. ஆடுகிற பிள்ளைக்கு எதுவும் தெரியாது.

இரண்டு ரூட்டருக்கும் அந்தோணியார் பெயரை வைத்தவன் நான்.

ஊரடங்குக் காலத்தில் பள்ளிக்கூடம் போனில் நடந்தது. ஒரு லைன் போனால் இன்னொன்றுக்கு மாற்றத் தெரியாமல் பிள்ளைகள் அழுதன. பெற்றவர்கள் தோட்டத்தில் இருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டு ரூட்டருக்கெல்லாம் ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் போட்டுவிட்டால் போன் தானே பிடித்துக்கொள்ளும் என்று நான்தான் யோசித்தேன். வகுப்பு நான்கு நொடி நின்றால் யாரும் சாகப் போவதில்லை. மெட்டு முழுக்க வீடு வீடாகப் போட்டுக் கொடுத்தேன். புகார் குறைந்தது. பேபிச்சன் சார் என் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். ஊரடங்கு முடிந்தது, பெயர்கள் மட்டும் அப்படியே இருந்தன.

ஜெனிஃபரிடம் உண்மையைச் சொன்னேன். "அப்ப லெட்டர் கெடைக்குமா அங்கிள்?" என்று மட்டும் கேட்டாள். அவகாசம் முடிய இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் காலை பேபிச்சன் சார் முன்னால் உட்கார்ந்தேன். நாற்காலி வந்தது, கட்டன் சாயா வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். திரையைப் பார்த்தபடி கேட்டார்.

"ரெண்டு ரூட்டருக்கும் ஒரே பேர் வச்சது ஆரு?"

"நான்தான் சார்."

"கம்பெனி பறஞ்ஞிட்டா? கம்பெனி சொல்லித்தானா?"

"இல்ல சார்."

"பின்ன கம்பெனி எதுக்கு எழுதணும் அண்ணா?"

"அன்னைக்கு என் போட்டோவ போர்டுல ஒட்டுனது கம்பெனிதான சார்."

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக ஒரு வழி சொன்னார். கம்பெனித் தாளிலேயே எழுதித் தருகிறாராம், ஆனால் இப்படி: 'வாடிக்கையாளர் தம் சொந்த ஏற்பாட்டில் அண்டை வீட்டு இணைப்பையும் பயன்படுத்தியுள்ளார். எமது லைனில் குறையில்லை.' அதில் சோதித்த டெக்னீஷியன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்தக் கடிதம் போனால் அந்தப் பெண் தாவினாள் என்பதற்கு நாங்களே சாட்சி சொன்ன மாதிரி. முழுப் பூசணிக்காயை மறைக்கிற சோற்றையும் அவள் தட்டிலேயே போடுகிறார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

"ரிட்டயர் ஆகறதுக்கு இனி ரெண்டு மாசம். அண்ணனுக்கு எதுக்கு இது?" என்றார். நிஜமான அக்கறையோடுதான் சொன்னார். அந்த அக்கறையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்குக் கம்பெனியின் சாதனை; இன்றைக்கு ராசுவின் தப்பு. இதில் ஒரு பெண்ணின் பெயர் கெடுகிறதே என்று அந்த அறையில் நினைக்க ஆள் இல்லை. சாயாவைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து வெள்ளைத்தாளில் தமிழில் நானே எழுதினேன். ராசு ஆகிய நான் இரண்டு ரூட்டருக்கும் ஒரே பெயர் வைத்தேன். அதனால்தான் போன் தாவியது. ஜெனிஃபருக்கு இது தெரியாது. அவள் எதையும் துண்டிக்கவில்லை. ஆதாரமாக, சாய்ப்பில் ஓட்டம் நின்ற நேரத்தைக் குறித்த என் நோட்டுப் பக்கங்களையும் வைத்தேன். ஜெனிஃபர் இங்கிலீஷில் மாற்றி, அவகாசம் முடிவதற்குள் அம்மா போனிலிருந்து அனுப்பினாள். அண்ணன் வீட்டு ரூட்டரின் பெயரை அன்றே மாற்றினேன். அடுத்த ஞாயிறுகளில் மற்ற வீடுகளுக்கும் போய் மாற்றினேன். ஒவ்வொரு வாசலிலும், உங்கள் போனில் கோளாறு என்று நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்போதும் டீ கொடுத்தார்கள்.

போட்டிக்காரர்களின் பதில் இரண்டு வாரம் கழித்து வந்தது. படித்துக் காட்ட ஜெனிஃபர் என்னையும் வரச் சொன்னாள். வேதமுத்து வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். அவள் வாசித்துத் தமிழில் சொன்னாள். அணியின் புகாரை அவள் ஏற்கெனவே எழுத்தில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டாளாம். ஆகையால் மூன்றாம் நபர் கடிதத்தைப் பார்க்கத் தேவையில்லையாம். ஒரு வருடம் தடை. அணியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

எனக்குப் புரியவில்லை. "நீ எப்பம்மா ஒப்புக்கிட்ட?" என்றேன்.

வேதமுத்துதான் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க லைன் சுத்தம்னு சொல்லிட்டுப் போனீங்கள்லண்ணே. கம்பெனிக்காரர் பொய் சொல்ல மாட்டாரு, அப்ப நீதான் பொய் சொல்லுறன்னேன். இல்லப்பா, இல்லப்பான்னுச்சு. அடிக்கலண்ணே. தப்பு செஞ்சா ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கணும், நீ எழுதி அனுப்புற வரைக்கும் நான் சோறு திங்க மாட்டேன்னு உக்காந்துட்டேன். ரெண்டு நேரம் பாத்துச்சு. எழுதிருச்சு."

ஸ்டெல்லா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜெனிஃபர் எனக்கு இதைச் சொல்லாததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. அப்பாவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அப்ப எம்பிள்ள பொய் சொல்லவே இல்லியாண்ணே?"

"ஒரு தடவைகூட இல்ல தம்பி. நான்தான் சரியாப் பாக்காமச் சொன்னேன்."

"அந்த மன்னிப்பு லெட்டருல எழுதுனதுதான் பொய்யி." அவர் மெதுவாகச் சொன்னார். "அது எழுதுன ஒரே பொய்யி. நான் பட்டினி கெடந்து எழுத வச்சது."

எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. முன் அறையில் உட்கார்ந்து, பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் போன ஒரு கம்பெனிச் சட்டைக்காரனை நம்பியதுதான் அவர் செய்த தப்பு. ஜெனிஃபர் உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

"எழுதுங்கப்பா" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். என் மகள் எழுதிய மன்னிப்பு அவளுடையது இல்லை. நான் கட்டாயப்படுத்தி எழுத வைத்தேன். அவள் முதலில் சொன்னதுதான் உண்மை. ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அடுத்ததைச் சொன்னாள். எழுதி முடித்ததும் கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சியாக நானும் போட்டேன். அவள் போட்டோ எடுத்து அனுப்பினாள். பிறகு வேதமுத்து உள்ளே போய், பூட்டி வைத்திருந்த அவளுடைய போனை எடுத்து வந்து சார்ஜில் போட்டார்.

நான் ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. இதற்கு நல்ல முடிவு வேண்டும் என்றால் நான் பொய்தான் எழுத வேண்டும். அந்தக் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. போட்டிக்காரர்களின் திரையிலும் அவள் விஷயம் மூடப்பட்டதாகத்தான் இருக்கும். போன வாரம் ஸ்டெல்லாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். வேதமுத்து தினமும் ஸ்டோரிலிருந்து வந்து கைகால் கழுவியதும் "வந்துச்சாம்மா?" என்று கேட்கிறாராம். அவர் கேட்ட பிறகு ஜெனிஃபர் மெயிலை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொல்கிறாளாம்.